மொச்சைக்கொட்டை சாரும் என் வயிற்றெரிச்சலும்

கம்பம் பள்ளத்தாக்கில் கணக்கு வாத்தியார்கள் நிம்மதியாக இருந்ததெல்லாம் மொச்சைக்கொட்டை சார் வரும் வரைக்கும்தான். அதற்கு முன்னால் நாங்கள் பாட்டுக்குக் கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்துவோம், பிள்ளைகள் பாட்டுக்கு ஜன்னலைப் பார்ப்பார்கள், மணி அடித்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போவோம். கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்த தொழில் அது. அதை ஒரு கைப்பிடி மொச்சைக்கொட்டையை வைத்துக் கெடுத்தவர் அவர். மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகையில் கேட்டபோது வேறு யாராவது அகப்படுகிறார்களா என்று நாலு நாள் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர்தான் வந்து நிற்கிறார். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சலில் இருக்கும் நியாயம் உங்களுக்குப் புரியும். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியன். ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில் மற்றவர்கள் அதன் மேல் துணி போட்டு மூடி, தூசி தட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதை ஆட்டிவைக்கக் கற்றுக்கொண்டவன். கூம்பைச் சாய்வாக அறுத்தால் நீள்வட்டம் வரும் என்று புத்தகத்தில் ஒரு படம்தான் போட்டிருக்கும். என் திரையில் கூம்பு தானாகச் சுழலும், தானாக அறுபடும், உள்ளே நீலமும் மஞ்சளுமாக மின்னும், பின்னணியில் நாதஸ்வரம் கேட்கும். அதனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் கணக்குக்கு நான்தான் கருத்தாளர். வாத்தியார்களுக்கே வாத்தியாராக நிற்கிறவருக்கு எங்கள் இலாகாவில் அப்படிப் பெயர்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மாவட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மாநில அளவில் கருத்தாளராகச் சென்னைக்கு அனுப்புவார்கள். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். அதற்காகக் கோட்டுத் துணிகூட எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். தைக்கக் கொடுத்தால் கண்ணேறு பட்டுவிடும் என்று தைக்காமல் வைத்திருந்தேன்.

உத்தமபாளையத்தில் ஒரு பயிற்சி. கூம்பை அறுத்து முடித்தேன், நாதஸ்வரம் அடங்கியது, கைதட்டல். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். இது சும்மா சொல்வது, யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்குப் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கொக்கு மாதிரி உயரம், முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டையில் இரண்டு பை. எழுந்தபோது ஒரு பையிலிருந்து கலகலவென்று சத்தம் வந்தது.

"சார், ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில இருக்கேன். புதுசு. ஒண்ணு சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க."

"இந்த ஒன்றரை மணி நேரத்துல நீங்க பத்தொம்பது கேள்வி கேட்டீக. பதினெட்டு முன்வரிசை சாருகளுக்கு. டீச்சர்மாரு பக்கம் ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு கேட்டேன்ல?"

"கேட்டீக சார். 'அந்த ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைக்கிறீகளா டீச்சர்'னு கேட்டீக."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. டீச்சர்கள் பக்கமிருந்து வந்த சிரிப்பை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அவர் கையில் கட்டம் போட்ட ஒரு தாள் வைத்திருந்தார். யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று வரைந்து, நான் யாரைக் கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு மொச்சைக்கொட்டையை வைத்திருக்கிறார். முன்வரிசையில் மொச்சை அம்பாரம். டீச்சர்கள் பக்கம் ஒற்றை மொச்சை, ஃபேனுக்குக் கீழே.

அன்றைக்கே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை இன்றைக்குக் கேட்டால் சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வறுத்த நிலக்கடலை வைத்துத்தான் எண்ணிக்கொண்டிருந்தாராம். ஒரு வகுப்பில் எண்ணச் சொல்லி உட்கார வைத்த டீச்சர், பாடத்தில் லயித்துப்போய்ப் பாதிக் கணக்கைத் தின்றுவிட்டார். அதிலிருந்து இவர் காய்ந்த மொச்சைக்கு மாறிவிட்டார். அதை யாராலும் கடிக்க முடியாது.

டீச்சர்கள் எல்லாரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். "சார், எங்க வகுப்புக்கும் வந்து எண்ணுங்க சார்" என்று ஒரே அழைப்பு. நான் மணிக்கணக்கில் மெனக்கெட்டுச் செய்த படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டு கட்டைவிரல் வரும். ஒன்று நான் வேறு எண்ணிலிருந்து போட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு டீச்சரின் வகுப்பில் வாரம் ஒரு தடவை மொச்சைத் தாளைப் போனில் படம் பிடித்து, அவற்றை வரிசையாக ஓடவிட்டார். முதல் வாரம் முன் பெஞ்சில் குவிந்து கிடந்த மொச்சை, வாரா வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்து நகர்ந்து கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் படம், நாதஸ்வரம்கூடக் கிடையாது. குழுவே கொண்டாடியது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். 

வகுப்போடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. மாதா கோவிலில் சாமியார் பிரசங்கத்தின்போது எந்தப் பக்கம் பார்க்கிறார், பஸ்ஸில் கண்டக்டர் யாரிடம் சிரிக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் மொச்சை போட்டுக்கொண்டிருந்தார். கெங்குவார்பட்டியில் எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணம். நானும் போயிருந்தேன், அவரும் வந்திருந்தார். பந்தியில் ஆள் சும்மா இருக்கக் கூடாதா? பந்திக்கு நடுவில் நின்றுகொண்டு, பாயச வாளி எந்த இலைக்கு வருகிறது என்று பார்த்துப் பார்த்து, பெண் வீட்டு வரிசையில் இலைக்குப் பக்கத்தில் மொச்சை வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டார்.

"ஏலே, அவுகளுக்கு மட்டும் மொச்சை வைக்கிற, எனக்கு எங்க? நாங்க என்ன எளப்பமா?"

சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "மொச்சைக் கூட்டே நாங்க பண்ணலையேய்யா!"

"ஐயா, இது கூட்டு இல்ல, கணக்கு" என்றார் நம்மவர், பொறுமையாக. "பொண்ணு வீட்டு வரிசைக்குப் பாயாசம் மூணு தடவ வந்துச்சு. உங்க வரிசைக்கு ஒரு தடவகூட வரல."

அப்புறம் கேட்க வேண்டுமா? இரண்டு சம்பந்திகளும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அவரை இழுத்துக்கொண்டுபோய் என் வண்டியில் ஏற்றிக் கிளப்பியது நான். உயிரைக் காப்பாற்றியது நான். அடுத்த மாதமே அந்த மாப்பிள்ளை வீட்டார், இளைய மகன் நிச்சயதார்த்தத்துக்கு அவரை வீடு தேடி வந்து அழைத்தார்கள், "எங்களுக்குப் பாயாசம் வாங்கிக் குடுத்த சார்" என்று. எனக்கு ஒரு பத்திரிகைகூட வரவில்லை.

சரி, இந்த ஆளை அவர் வழியிலேயே மடக்குவோம் என்று ஒருநாள் என் வகுப்புக்கு நானே அழைத்தேன். வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து நாற்பதாம் எண் வரைக்கும் ஒருவரையும் விடாமல் கேள்வி கேட்டேன். பாதிப் பிள்ளைகளுக்கு நான் அவர்கள் பெயர் சொல்லி அழைத்ததே அதிர்ச்சி. ஒருத்தி எழுந்து, "நான் எதுவும் பேசல சார்" என்றாள், தண்டனை என்று நினைத்துக்கொண்டு. பாடம் முடிந்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் போனேன்.

"எப்படி? எல்லாக் கட்டத்துலயும் இருக்கா?"

"இருக்கு சார். பூராக் கட்டத்துலயும் வெள்ளை மொச்சை விழுந்துருச்சு."

"அது என்ன வெள்ளை மொச்சை?"

"'புரியுதா', 'சரிதானே', 'அஞ்சும் மூணும் எட்டுத்தானே'ன்னு கேட்டா வெள்ளை. தலையாட்டுனாப் போதும். உக்காந்து யோசிச்சாத்தான் பதில் வரும்னா கறுப்பு. கறுப்பு பூராம் இந்த முதல் பெஞ்சுத் தம்பிக்குத்தான் குடுத்திருக்கீக."

முதல் பெஞ்சுத் தம்பி கார்த்திக். மேலே வைக்க இடமில்லாமல் அவன் கட்டத்திலிருந்து கறுப்பு மொச்சை உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், வீட்டில் மொச்சைக் குழம்பு வைத்திருந்ததைப் பார்த்து, காரணமில்லாமல் மனைவியோடு சண்டை போட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மாநிலக் கருத்தாளர் தேர்வு வந்தது. கடைசிச் சுற்றில் இரண்டே பேர், நானும் அவரும். அவராக விண்ணப்பிக்கவில்லை. டீச்சர்கள் சேர்ந்து படிவத்தை நிரப்பி, அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரை வைத்து ஆளுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். சுற்றி ஆசிரியர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினாலும் தேர்வு இல்லை. அதிகாரியம்மா அதில் கறார்.

முதலில் நான். ஸ்மார்ட் போர்டில் ஜாலம் காட்டினேன். அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ராத்திரி பகலாகக் கறுப்பு மொச்சைக் கேள்விகளாக யோசித்து, கடைசிப் பெஞ்சு வரைக்கும் பிரித்துக் கொடுத்தேன். அவரிடம் கற்றதை வைத்தே அவரை அடிப்பது என்று முடிவோடு போயிருந்தேன். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போதே முடித்துவிட்டேன். அதிகாரியம்மா தலையசைத்தார்.

அடுத்து அவர். நேராக என்னிடம் வந்து மொச்சைப் பையையும் தாளையும் நீட்டினார்.

"சார், நீங்கதான் எனக்கு எண்ணணும்."

"இத்தன டீச்சர்மாரு இருக்காகளே, அவுககிட்டக் குடுங்க."

"அவுகல்லாம் எனக்கு வேண்டியவுக சார். பாவம்னு ஒண்ணு கூட வச்சிருவாக. உங்களுக்குத்தான் என்னைய ஆகாதுல்ல? நீங்கதான் கண்டிசனா எண்ணுவீக."

வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டார்.

எடுத்தது எதிர் விகிதம். ஆறு பேர் ஒரு தோட்டத்துத் திராட்சையை நாலு நாளில் அறுத்தால், பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் அறுப்பார்கள்? ஆள் இரண்டு மடங்கானால் நாள் பாதி. எல்லா வாத்தியாரும் நடத்துகிற கணக்குத்தான். அவர் நடத்திய விதம்தான் வேறு. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் குனிந்து பேசுகிறார். நான் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து எண்ணினேன். அவர் சும்மா பார்த்துச் சிரித்ததற்கெல்லாம் நான் மொச்சை வைக்கவில்லை. கேள்வி என்றால்தான் வைத்தேன். கட்டம் நிரம்பிக்கொண்டே வந்தது. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்தைந்து. ஒரு கட்டம் மட்டும் காலி. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய ஒரு பெண். பெயர் சகாயமேரி. அவர் அவள் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து தாளைப் பார்ப்பது அவர் வழக்கம். வந்தார். நான் தாளைத் திருப்பிக் காட்டி, அதிகாரியம்மா காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்: "மூணாவது வரிசை, ஜன்னலோரம். கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல."

அவர் முகம் வாடிவிட்டது. திருடியவன் கையும் களவுமாகப் பிடிபட்டால் அப்படி ஆவான். எனக்கு உள்ளுக்குள் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. அவர் அந்தப் பெண்ணிடம் போனார்.

"ஆத்தா, உன்னைய நான் கேக்கவே இல்லையே. நீ சொல்லு, பன்னெண்டு பேர் வந்தா எத்தன நாளு?"

அவள் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாலு நாளுதான் சார்."

வகுப்பு சிரித்தது. நான் கூடவே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஏன்த்தா நாலு?"

"கத்திரி ஆறுதானே சார் இருக்கும்? எங்க அம்மா திராட்சை அறுக்கப் போகும். ஆளு கூட வந்தாலும் கத்திரி இல்லாட்டி கொடிக்கடியில சும்மாதான் உக்காந்திருக்கணும்."

 அவர் அப்படியே அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் எல்லாரையும் பார்த்து, "கத்திரியக் கணக்குல சேக்காமயே இத்தன வருசம் நடத்திட்டோமே சார்!" என்றார். பின்னாலிருந்து ஒரு பையன், "மத்த ஆறு பேரு பெட்டி தூக்கலாம்ல சார்?" என்றான். "அப்ப மூணு நாளு!" என்றது இன்னொரு குரல். "எப்படிரா மூணு?" என்று சண்டை. மணி அடித்தது. அதிகாரியம்மா எழுந்தார். "நேரம் முடிஞ்சுருச்சு சார்." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு நிமிசம் மேடம், பெட்டி யாரு தூக்குறாகன்னு கேட்டுட்டு வந்துர்றேன்." பத்து நிமிடம் கழித்தும் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் எல்லாரும் எழுந்துபோய்ப் பிள்ளைகளோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

தேர்வு பெற்றவர் என்று என் பெயரைப் படித்தார்கள். இரண்டு பேர் இந்தப் பக்கம் திரும்பி, "ஓ, சந்தோசம் சார்" என்றுவிட்டு மறுபடி கத்திரிக்குப் போய்விட்டார்கள். இருபது வருஷமாக நான் அந்தக் கணக்கை நடத்துகிறேன். ஒரு பிள்ளையாவது என்னிடம் கத்திரி எத்தனை என்று கேட்டதுண்டா? பதவி எனக்கு வந்தது, அந்தப் பதில் அவருக்குப் போய்விட்டது. ஜெயித்தவனுக்கும் வயிறு எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். போதாததற்கு அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எண்ணுனீக சார். எனக்கு இப்படி ஒருத்தரும் எண்ணிச் சொன்னதே இல்ல." கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. வாழ்த்து என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த ஆளுக்கு ஞாபகமே வரவில்லை.

கோட்டுத் தைத்தேன். சென்னைக்குப் போனேன். பெரிய அரங்கு, பெரிய திரை. கூம்பை அறுத்தேன், கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் நாள் வேறு வழி தெரியாமல் கத்திரிக் கதையைச் சொன்னேன். என் வகுப்பில் நடந்ததாகத்தான் சொன்னேன், மறைப்பானேன். கைதட்டல் அடங்கவே இல்லை. தர்மபுரிப் பக்கத்து டீச்சர் ஒருவர் எழுந்து, "அந்தப் பொண்ணு இப்ப எப்படி சார் இருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. என் கதையில் வருகிற பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து அவருக்குப் போன் போட்டேன்.

"சகாயமேரியா? அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போறப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எட்டாவது போயிருச்சு சார். வாயே மூட மாட்டேங்குதுன்னு அவுக டீச்சர் என்கிட்டச் சண்டைக்கு வந்தாக" என்று சிரித்தார். "ஊருக்கு வந்ததும் இங்கன வாங்க சார். ஒரு வகுப்பு எண்ணிட்டுப் போங்க. யாரும் சரியா எண்ண மாட்டேங்குறாக."

போனேன். வாரா வாரம் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போவேன். நிறையக் கண்டுபிடித்துச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பரிசு வாங்கினவர் மாதிரி சந்தோஷப்பட்டார். சென்னைக் கதையையும் ஒருநாள் சொல்லிவிட்டேன். "அப்படியா சார்? அரங்குல பின்வரிசைக்குக் கேட்டுச்சா?" என்றார். அவ்வளவுதான்.

போன மாதம் கடைசியாகப் போனது. கதவோரத்தில் ஒரு பையன், புதிதாகச் சேர்ந்தவன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கட்டம் மட்டும் காலி. நம்மவர் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார், அவன் பக்கம் வரவே இல்லை. தாளைப் பார்க்க அவர் வருகிற நேரம். அந்த முகம் இன்னொரு தடவை வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. என் கை அதுபாட்டுக்கு ஒரு கறுப்பு மொச்சையை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டது.

வந்தார். குனிந்து பார்த்தார். "இந்தப் பையன நான் கேக்கலையே சார்?"

"கேட்டீகளே. நடுவுல என்னமோ கேட்டீக."

 மொச்சையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். போய் அந்தப் பையனிடம் உட்கார்ந்து பேசி, அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்பி வந்தார்.

"போச்சு சார். இந்தப் பள்ளத்தாக்குலயே என்னைய ஆகாத ஆளுன்னு உங்க ஒருத்தரத்தான் நம்பியிருந்தேன்."

இப்பவும் ஆகாதுதான் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.